நாற்பத்தேழில் வெட்டிய புத்தகம்

உடம்பு ஒன்று, முதுகு இரண்டு. ஒரு முதுகுக்குத் தொடக்கம் தெரியும், முடிவு தெரியாது. இன்னொரு முதுகுக்கு முடிவு தெரியும், தொடக்கம் தெரியாது. அது என்ன? சொல்லுங்கள் பார்ப்போம். நிதானமாக யோசியுங்கள், உங்களுக்கு அவசரம் இல்லை, எனக்குத்தான். இந்த விடுகதையை எனக்குப் போட்டவள் ஜெபக்கனி. ஜனவரியில் ஒரு வியாழக்கிழமை, பள்ளி விட்டுப் பேருந்துக்கு நிற்கும்போது போட்டாள். “நாளைக்கு விடையோட வா காளி” என்றாள். காளீஸ்வரி என்ற என் பெயரை முழுதாகச் சொல்ல அவளுக்கு என்றைக்கும் பொறுமை இருந்ததில்லை. மறுநாள் வெள்ளிக்கிழமை நாங்கள் பேச்சை நிறுத்திவிட்டோம், அதனால் நான் விடை சொல்லவே இல்லை. விடை இப்போது என் மடியில் இருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்பு வரலாற்றுப் புத்தகம், அதில் பாதி, நீலக் காலிகோ அட்டை, ஒன்று முதல் ஏழு வரையிலான பாடங்கள். எட்டு முதல் பதினைந்து வரை சிவப்பு அட்டையில் கனியிடம் இருக்கிறது. ஏழு வாரமாக இருக்கிறது. இன்றைக்கு வரலாறு பொதுத்தேர்வு. இப்போது மணி எட்டு பன்னிரண்டு, பேருந்து எங்கள் ஊர் ஆலமரத்தைத் தாண்டிவிட்டது, பத்து மணிக்குக் கேள்வித்தாள் கொடுப்பார்கள், ஒன்பதரைக்குள் அருப்புக்கோட்டையில் தேர்வு மையத்துக்குள் இருக்க வேண்டும். பதினைந்து பாடத்தில் எட்டுப் பாடம் எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்வதும் சரியில்லை, ஒரு காலத்தில் தெரிந்திருந்தது, அது இன்னும் மோசம். ஹால் டிக்கெட் இருக்கிறதா, இருக்கிறது, பிளாஸ்டிக் உறைக்குள் வியர்த்துப் போய் என் முகம் இருக்கிறது, கறுப்பு வெள்ளையில், இந்தப் பெண் எதையோ ஒளித்து வைத்திருக்கிறாள் என்று யாரும் சொல்லிவிடக்கூடிய முகம்.

புத்தகத்தை ஏன் வெட்டினோம் என்றால், அக்டோபர் மழையில் கனி வீட்டுக்குள் தண்ணீர் வந்தது. அவள் புத்தகம் பாய்க்கடியில் இருந்தது. எடுத்து வெயிலில் வைத்தபோது பூரி மாதிரி உப்பிவிட்டது, பிரித்தால் தாள் தாளாக வரவில்லை, பாடம் பாடமாகக் கையோடு வந்தது. பள்ளியில் கேட்டால் அடுத்த மாதம் வரும் என்றார்கள், அடுத்த மாதம் அடுத்த மாதம் என்றார்கள். அப்போது என் புத்தகத்தை இரண்டாக வெட்டலாம் என்று சொன்னது நான்தான். நான்தான். அதை யாரும் மறக்க வேண்டாம், அன்றைக்கு நான் நல்ல பெண்ணாகத்தான் இருந்தேன். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் பைண்டிங் கடை வைத்திருக்கும் தாத்தா புத்தகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, “எந்த எடத்துல வெட்டணும்?” என்று கேட்டார். “ஏழாம் பாடம் முடியற எடத்துல தாத்தா.” அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு அந்தப் பக்கத்தைப் படித்தார். “சுதந்திரம் வாங்குன கையோட வெட்டச் சொல்றீகளே, வெள்ளைக்காரன் கூட கொஞ்சம் யோசிச்சான்” என்றார். கனி விழுந்து விழுந்து சிரித்தாள். சரியாக ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தேழில் கத்தி விழுந்தது. அன்றிலிருந்து நாங்கள் அதைப் பிரிவினை என்றே சொல்வோம். வெள்ளிக்கிழமை தோறும் மாற்றிக்கொள்வோம், இந்த வாரம் நீலம் எனக்கு, அடுத்த வாரம் சிவப்பு எனக்கு. வெறுமனே மாற்றிக்கொண்டால் போதாது. வாங்கும்போது கொடுக்கிறவள் அந்த வாரம் படித்ததை வாங்குகிறவளுக்குச் சொல்ல வேண்டும், புத்தகத்தை மூடி வைத்துவிட்டுச் சொல்ல வேண்டும். அது அமலோற்பவ மிஸ் சொல்லிக் கொடுத்தது. எங்கள் வரலாற்று மிஸ். “தெறந்து வச்சுக்கிட்டு எல்லாருக்கும்தான் தெரியும். மூடிட்டுச் சொல்லு. சொல்லிட்டுத் தெறந்து பாரு.” நான் முன்பாதியைச் செய்தேன். பின்பாதியைச் செய்யவில்லை. இதிலும் பாதிதான். அங்கேதான் எல்லாம் போயிற்று. வேண்டாம், அதற்குள் போகாதே, இப்போது அதற்கு நேரம் இல்லை, இரண்டாம் பாடத்தைப் பார்.

பார்க்கவே வேண்டாம், எனக்கு நீலப் பாதி கண்ணை மூடினாலும் தெரியும். முப்பத்தெட்டாம் பக்கம் இடது மூலையில் எண்ணெய்க் கறை, கறைக்கு மேலே சூரத் பிளவு. அதற்கு எதிர்ப்பக்கம் கனி பென்சிலில் வரைந்த கப்பல், சுதேசிக் கப்பலோடு போட்டிக்கு வெள்ளைக்காரன் விட்டது, “டிக்கெட்டும் இலவசம், குடையும் இலவசம், ஆனாலும் ஏற ஆளில்லை” என்று அவள் கையெழுத்து. அவள் படிப்பதே அப்படித்தான். ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் ஒரு விடுகதை போட்டு ஓரத்தில் எழுதிவிடுவாள். ஆண்டு அவளுக்கு நிற்காது, விடுகதை நிற்கும். எனக்கு ஆண்டு நிற்கும், எதற்காக அந்த ஆண்டு என்று நிற்காது. அவள் கேட்பாள், நான் ஆண்டு சொல்வேன், இரண்டு பேரும் சேர்ந்தால் ஒரு மாணவி. சரி, ஓட்டிப் பார்க்கிறேன். ஐந்து வங்கப் பிரிவினை, ஆறு சுதேசிக் கப்பல், ஏழு சூரத், எட்டு திருநெல்வேலி எழுச்சி, ஒன்பது மிண்டோ மார்லி, பதினொன்று பிரிவினை ரத்து, பதினான்கு போர், பதினைந்து காந்தி திரும்பி வந்தது, பதினாறு. பதினாறு. மறுபடி முதலிலிருந்து. ஐந்து, ஆறு, ஏழு, எட்டு, ஒன்பது, பதினொன்று, பதினான்கு, பதினைந்து, பதினாறு. பதினாறுக்கு அந்தப் பக்கம் போக மாட்டேன் என்கிறது. சக்கரத்தில் சேலை மாட்டின மாதிரி அங்கேயே நிற்கிறது. “என்னத்தா முணுமுணுக்க?” என்று பக்கத்து இருக்கை அத்தை கேட்கிறாள். மடியில் சுண்டைக்காய்க் கூடை, எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு, பெயர் மறந்துவிட்டது. இப்போது எல்லாமே மறக்கிறது. “பரீட்சை அத்தை.” “என்ன பரீட்சை?” “ஹிஸ்டரி.” “அப்படின்னா?” “வரலாறு. முன்னாடி நடந்ததெல்லாம்.” “அதான் நடந்து முடிஞ்சு போச்சே, அதுக்கு எதுக்குப் பரீட்சை?” முன் இருக்கைக்காரர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். “நடக்கப் போறதுக்கு வச்சா எவன் பாஸாவான்?” என்றார். “நடந்தது எம்மவன் கலியாணம், அதுலயே யாரு முதல்ல கோவிச்சுக்கிட்டு எந்திரிச்சதுன்னு இன்னும் ஒருத்தனுக்கும் தெரியல” என்றாள் அத்தை. எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. யார் முதலில் எழுந்தார்கள் என்று எனக்குத் தெரியும். கனிதான் முதலில் எழுந்தாள். மிஸ் எழுந்திருக்கச் சொன்னார்கள், அவள் எழுந்தாள்.

சரி, நினைக்கத்தான் போகிறாய், நினைத்துத் தொலை. ஜனவரி, வெள்ளிக்கிழமை, நான்காவது பீரியட், திருப்புதல் தேர்வுத் தாள் கொடுக்கிறார்கள். அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை நான் கனிக்கு மூன்றாம் பாடம் சொல்லிக் கொடுத்திருந்தேன். அந்த வாரம் சிவப்பு அவளிடம், நீலம் என்னிடம், மாற்றிக்கொள்ள மறந்துவிட்டோம். இல்லை, மறக்கவில்லை. நான்தான், எதற்கு மாற்றணும், நானே சொல்கிறேன், எனக்கு மனப்பாடம் என்றேன். புத்தகத்தைப் பையை விட்டு எடுக்கவே இல்லை. வேகமாகச் சொன்னேன், நிறுத்தாமல் சொன்னேன், அவள் வாயைப் பிளந்துகொண்டு கேட்டாள், அது எனக்குப் பிடித்திருந்தது. லக்னோ ஒப்பந்தம், ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினாறு, காங்கிரசும் ஆங்கிலேய அரசும் செய்துகொண்டது என்று சொன்னேன். காங்கிரசும் முஸ்லிம் லீக்கும் என்று எனக்குத் தெரியும். தெரியும். முப்பத்தொன்றில் நடந்த காந்தி இர்வின் ஒப்பந்தம் குறுக்கே வந்து விழுந்துவிட்டது, ஒரு ஒப்பந்தத்தின் தலையை இன்னொன்றின் உடம்பில் வைத்துவிட்டேன். மூடிச் சொன்னேன், திறந்து பார்க்கவில்லை. அவள் அப்படியே எழுதிவிட்டாள். மிஸ் அந்தத் தாளை எடுத்து வைத்துக்கொண்டு, “ஜெபக்கனி எந்திரி” என்றார்கள். “பதினாறுலயே வெள்ளைக்காரனோட சமாதானமாப் போயாச்சா? அப்ப நாப்பத்திரண்டுல யாரைம்மா வெளியேறுன்னாங்க? வீட்டுக்கு வந்த விருந்தாளியவா?” வகுப்பே சிரித்தது. மிஸ் கெட்டவர் இல்லை, அவர் எல்லோரையும் அப்படித்தான் கேட்பார், மறுநிமிடம் மறந்துவிடுவார். கனி கூடச் சிரிக்கப் பார்த்தாள். சிரித்துக்கொண்டே என் பக்கம் திரும்பினாள். நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும். மிஸ், நான்தான் அப்படிச் சொல்லிக் கொடுத்தேன். ஏழெட்டு வார்த்தை கூட இல்லை. நான் சிரித்தேன். மற்றவர்கள் சிரித்த மாதிரியே சிரித்தேன், வாயில் கை வைத்துக்கொண்டு. கனியின் சிரிப்பு முகத்திலிருந்து இறங்கியதைப் பார்த்தேன், குடத்திலிருந்து தண்ணீர் இறங்குகிற மாதிரி, மேலிருந்து கீழாக. அவள் உட்கார்ந்தாள். மாலையில் பேருந்து நிறுத்தத்தில் நான் பையைத் திறந்து நீலத்தை எடுத்தேன், வெள்ளிக்கிழமை அல்லவா. அவள் சொன்னாள், “வேண்டாம் காளீஸ்வரி. நீயே வச்சுக்க, ஒனக்குத்தான் மனப்பாடமாச்சே.” என் முழுப் பெயர். அவள் அதை முழுதாகச் சொன்னது அன்றைக்குத்தான்.

அதன் பிறகு ஏழு வெள்ளிக்கிழமை. நானும் கேட்கவில்லை, அவளும் கேட்கவில்லை. புத்தகம் என்னுடையது, கேட்க எனக்கு உரிமை இருக்கிறது என்று முதல் வாரம் நினைத்தேன். அவளாகக் கொண்டுவந்து தரட்டும் என்று இரண்டாம் வாரம் நினைத்தேன். மூன்றாம் வாரம் அண்ணன் போனில் புத்தகத்தை இறக்கிப் பார்த்தேன். படித்தேன், படித்துக்கொண்டே இருந்தேன், விரலால் தள்ளத் தள்ள எழுத்து மேலே போய்க்கொண்டே இருந்தது. எனக்கு எந்த மூலை, எந்தக் கறை என்று இருந்தால்தான் நிற்கும், கண்ணாடிக்கு மூலை ஏது. எங்கள் வகுப்பு ரேவதியிடம் இரண்டு நாள் புத்தகம் வாங்கி வந்தேன், சுத்தமான புத்தகம், ஓரத்தில் ஒரு கோடு கூட இல்லை, அதில் நுழைய வாசலே இல்லாத மாதிரி இருந்தது. மூன்று நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை. தொண்ணூறு வேண்டும். தொண்ணூறுக்குக் கீழே போனால் சட்டக் கல்லூரி இல்லை, கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன், வேறு எந்தப் பாடத்திலும் ஈடு கட்ட முடியாது. சித்தி வழக்குக்காக நான் இரண்டு தடவை நீதிமன்றத்துக்குப் போயிருக்கிறேன். அங்கே எங்கள் ஊர் ஆண்கள் எல்லாம் கைகட்டி நின்றுகொண்டிருந்தார்கள், சித்தியின் வக்கீல், அந்தக் கறுப்பு அங்கி அக்கா மட்டும் கேஸ் கட்டைக் கையிடுக்கில் வைத்துக்கொண்டு வந்து, யாரையும் கேட்காமல் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். நாற்காலியை இழுத்த அந்தச் சத்தம். எனக்கு வேண்டியது அதுதான், வேறு ஒன்றும் இல்லை. எட்டு இருபத்தைந்து. பன்னிரண்டாம் பாடம் ஐரோப்பாவில் அமைதியின்மை, அதில் என்ன இருக்கிறது, தலைப்பு இருக்கிறது, தலைப்புக்குக் கீழே வெள்ளையாக இருக்கிறது. ஐந்து மதிப்பெண் கேள்வியில் அல்லது என்று ஒன்று இருக்கும், அதுவா இதுவா என்று நாமே எடுத்துக்கொள்ளலாம், ஆனால் அல்லதுக்கு மேலேயும் சிவப்பு, அல்லதுக்குக் கீழேயும் சிவப்பு என்றால் என்ன செய்வேன். பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். கூடுதல் தாள் வேண்டுமா என்று கேட்டுக்கொண்டு வருவார்கள், கனிக்கு வேண்டும், எனக்கு வேண்டாம். கை நனைந்துவிட்டது, பாவாடையில் துடைக்கிறேன். பேருந்து ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது, கூடையிலிருந்து சுண்டைக்காய் நாலு உருண்டது. குனிந்து பொறுக்கினேன். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு.

சர்க்கரை போடாத தேநீர், ஒரு துறைமுகம் முழுக்க. இது எங்கிருந்து வந்தது? குனிந்திருக்கும்போது வந்தது. பதினோராம் பாடம், பக்க ஓரத்தில், கனியின் சாய்ந்த எழுத்தில். பாஸ்டன். தேயிலைப் பெட்டிகளைக் கடலில் கொட்டினார்கள். ஆண்டு, ஆயிரத்து எழுநூற்று எழுபத்து மூன்று. நான் அசையாமல் இருக்கிறேன், அசைந்தால் போய்விடும். ஏழு பேரைக் கூட்டிவர ஊரே கிளம்பிப் போச்சு. பாஸ்டில் சிறை, உள்ளே இருந்தது ஏழே ஏழு கைதிகள், எண்பத்தொன்பது ஜூலை பதினான்கு. அதற்குக் கீழே அவள் ஒரு பூட்டு வரைந்திருந்தாள். பூட்டுக்குப் பக்கத்தில் எட்டாகப் பிரித்த ஒரு முறுக்கு, அது எதற்கென்று தெரியவில்லை, பசியாக இருந்திருக்கும். இன்னொன்று, இன்னொன்று இருந்தது, சுட்டதும் அன்னைக்குத்தான், கையெழுத்துப் போட்டதும் அன்னைக்குத்தான், நடுவில மட்டும் அஞ்சு வருசம். இதற்கு நான் அன்றைக்கு அரை மணி நேரம் யோசித்தேன். ஜூன் இருபத்தெட்டு. பதினான்கில் அந்த இளவரசரைச் சுட்டார்கள், அதில்தான் போர் மூண்டது, பத்தொன்பதில் அதே தேதியில் வெர்சாய் உடன்படிக்கை. மிஸ்ஸுக்கே தெரியாது கனி, நீ எப்படிக் கண்டுபிடிச்ச என்று கேட்டேன். “ரெண்டு தேதியும் ஒரே மாதிரி இருந்துச்சு, பாத்தேன்” என்றாள். பார்த்தாளாம். நான் நூறு தடவை அந்தப் பக்கத்தைப் படித்தேன், ஒரு தடவை கூடப் பார்க்கவில்லை. அடுத்தது? அடுத்தது. வரவில்லை. மூன்று வந்தது, நான்காவது வரவில்லை. எட்டுப் பாடத்துக்கு அறுபது எழுபது விடுகதை எழுதியிருப்பாள், எனக்கு மூன்று. மீதி எல்லாம் சிவப்பு அட்டைக்குள் இருக்கிறது, அவள் பைக்குள் இருக்கிறது. எனக்கு வேண்டியது புத்தகம் இல்லை. ரேவதி புத்தகத்திலும் அதே பாஸ்டன்தான் இருந்தது. எனக்கு வேண்டியது அந்த ஓரம். நாங்கள் பேசியது முழுக்க அந்த ஓரத்தில்தான் இருக்கிறது.

எட்டு நாற்பதுக்குப் புளியங்குளம் விலக்கு வரும், அவள் ஏறுவாள். தமிழ், ஆங்கிலம், பொருளியல் மூன்று தேர்வுக்கும் முன்வாசலில் ஏறி ஓட்டுநருக்குப் பக்கத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். இன்றைக்கும் அப்படித்தான் நிற்பாள். நான் எழுந்து போக வேண்டும். போய் என்ன சொல்வது? கனி, அந்தச் சிவப்பைக் கொஞ்சம் குடு. அப்படிக் கேட்டால் தந்துவிடுவாள், அவளைத் தெரியும், தந்துவிட்டு மறுபடி முதுகைக் காட்டுவாள். அரை மணி நேரம் எனக்கு அந்த ஓரம் கிடைக்கும், அது போதும், தொண்ணூறு வரும். லக்னோவைப் பற்றிப் பேச வேண்டியதில்லை. தேர்வு முடிந்து நிதானமாகப் பேசிக்கொள்ளலாம். அத்தை, கொஞ்சம் இந்தப் பையை வச்சுக்கிறீங்களா, நான் முன்னாடி போய். இல்லை, இன்னும் வரவில்லை, உட்கார். நீலத்தை மூடி உறைக்குள் வைக்கிறேன். மூடும்போது பக்கவாட்டில் தெரிந்தது. தாள்களின் விளிம்பு முழுக்கக் கறுத்திருக்கிறது, மூன்றாம் பாடத்தில் மட்டும் நெருக்கமாக, விரல் பட்டுப் பட்டு. என் விரல். ஏழு வாரமாக என் விரல் மட்டும். அப்போதுதான் தோன்றியது. எனக்கு எட்டுப் பாடம் இல்லை, எட்டுப் பாடம் இல்லை என்று ஏழு வாரமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேனே, அவளுக்கு ஏழு பாடம் இல்லை. அவளுக்கு நீலம் இல்லை. அரையாண்டில் அவள் எடுத்தது முப்பத்தெட்டு. முப்பத்தைந்து வந்தால் பாஸ். ஒரு பாடம் போனாலும் உடுமலைப் பக்கம் மில்லுக்கு அனுப்பிவிடுவதாக அவள் அம்மா எல்லோர் முன்னாலும் சொல்லியிருக்கிறார்கள், ஹாஸ்டலோடு வேலை, அவள் அக்கா அங்கேதான் இருக்கிறாள், வருடத்துக்கு ஒரு தடவை வருகிறாள், வரும்போது தலைமுடியில் பஞ்சு இருக்கிறது. அவளிடம் போன் கிடையாது. ரேவதியிடம் போய்க் கேட்கிறவளும் இல்லை. அவளிடம் முதல் ஏழு பாடத்துக்கு என்ன இருக்கிறது? நான் சொல்லிக் கொடுத்தது இருக்கிறது. நான் மூடி வைத்துக்கொண்டு வேகமாகச் சொன்னது எல்லாம் இருக்கிறது. அதில் எது சரி எது தப்பு என்று அவளுக்கு எப்படித் தெரியும். ஒன்று தப்பு என்று தெரிந்த பிறகு மீதியை எப்படி நம்புவாள். சூரத்தை எழுதலாமா, வேண்டாமா, அதையும் காளி தப்பாகச் சொல்லியிருப்பாளோ. என் மடியில் இருப்பது என்னுடைய பாதி இல்லை. இதுதான் அவளுடைய பாதி.

புளியங்குளம் விலக்கு. பேருந்து ஓரம் கட்டுகிறது. எட்டு நாற்பத்தொன்று. ஜன்னலுக்கு நேரே நிழற்குடை, நிழற்குடைக்கு முன்னால் நாலைந்து பேர், பால் கேன், ஒரு சைக்கிள், கனி. இரட்டைச் சடை, கையில் சிவப்பு அட்டை, விரலை நடுவில் விட்டு மூடிப் பிடித்திருக்கிறாள், வாய் அசைகிறது. அவளும் முணுமுணுக்கிறாள். மற்றவர்கள் ஏறுகிறார்கள், அவளும் ஓரடி வைத்தாள், ஜன்னலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். வாய் நின்றது. வைத்த அடியைப் பின்னால் எடுத்தாள். சிவப்பை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள். கண்டக்டர் அண்ணன் படியில் தொங்கிக்கொண்டு, “பரீட்சைப் பிள்ளை, ஏறு, உள்ள எடம் கெடக்கு” என்றார். “அடுத்த பஸ்ல வாரேண்ணே.” “அடுத்த பஸ்ஸு ஒங்க மாமாவா ஓட்டிட்டு வாராரு? வந்தாத்தான உண்டு, ஏறும்மா.” “பரவால்லண்ணே, நீங்க போங்க.” அவள் என்னைப் பார்க்கவில்லை, பால் கேனைப் பார்த்துச் சொன்னாள். ஏழு வாரத்தில் முன்வாசல் பின்வாசல் என்றுதான் இருந்தது, ஒரே பேருந்து என்பதாவது இருந்தது, இன்றைக்கு அதுவும் இல்லை. ஏன் இன்றைக்கு? இன்றைக்கு வரலாறு. நான் கேட்டுவிடுவேன் என்று பயம். இல்லை, நான் மறுபடி ஏதாவது சொல்லிக் கொடுத்துவிடுவேன் என்று பயம். அடுத்தது ஒன்பது ஐந்துக்கு வர வேண்டும், வந்தால் ஒன்பது முப்பத்தைந்துக்குப் போகும், ஐந்து நிமிடம் பிந்தும், கேட்டில் கெஞ்ச வேண்டும். போன வாரம் இரண்டு நாள் அது வரவே இல்லை. வராவிட்டால் அதற்கு அடுத்தது பத்தே காலுக்கு. இந்தப் பேருந்தில் இருந்தால் ஒன்பது பத்துக்கு மையத்தில் இருப்பேன், மூன்று விடுகதையோடும் ஏழு பாடத்தோடும். ஜன்னல் வழியாக நீலத்தை நீட்டலாம். ஏய் கனி, இந்தா, பிடி. அவளுக்கு அவள் பாதி கிடைக்கும், எனக்குப் பேருந்து கிடைக்கும், ஒரு வார்த்தையும் பேச வேண்டாம், ஜன்னல் கம்பிக்கு நடுவில் புத்தகம் போகும், பாதிப் புத்தகம் என்பதால் போகும். ஆனால் அதில் மூன்றாம் பாடத்தில் நான் சொன்னது எது, புத்தகம் சொல்வது எது என்று அவளுக்கு யார் பிரித்துக் காட்டுவது. “என்னத்தா, அந்தப் பிள்ளை ஒங்கூடப் படிக்கறதுதான?” என்று அத்தை கேட்டாள். கனி நிழற்குடையின் தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள், சடையும் சிவப்பு அட்டையின் ஒரு மூலையும் மட்டும் வெளியே தெரிந்தன. கண்டக்டர் அண்ணன் விசிலை வாயில் வைத்தார்.

நான் பையை எடுத்துக்கொண்டு பின்வாசலில் இறங்கினேன். பேருந்து போய்விட்டது. மணி எட்டு நாற்பத்து மூன்று.